'நான்' இல்லாமல் ஒரு கட்டுரை

போன சனிக்கிழமை காலை, கடல் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் லோஞ்சுப் படகில் பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அனலைதீவு லோஞ்சில் முகம் தெரியாத ஆள் என்று ஒருவரும் இல்லை. இவர் எங்கள் தெருவுக்கு அடுத்த ஒழுங்கை. வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கடைசியில் கேட்டே விட்டார்.

"தங்கச்சி, கிழமைக்குக் கிழமை பேப்பரில எழுதுறது நீர் தானே?"

"ஓம் அண்ணை."

"பிறகென்னத்துக்கு யாழ்ப்பாணம் போய் எழுதப் படிக்கிறீராம்?"

லோஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாது... ஐம்பது தாண்டிய பிறகு வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. முதல் நாள் நான் உள்ளே போனதும் அத்தனை பிள்ளைகளும் எழும்பி நின்றார்கள் — விரிவுரையாளர் என்று நினைத்து! நான் பேசாமல் கடைசி வாங்கில் போய் இருந்தேன். அதன் பிறகு அவர்களுக்கு நிற்பதா, இருப்பதா என்று தெரியவில்லை.

உண்மையான விரிவுரையாளர் பின்னால் வந்தார். என் மகனைவிட இளையவர். பிள்ளைகள் 'மிஸ்' என்றார்கள். நானும் மிஸ் என்றேன். முதல் பாடம், கல்விசார் எழுத்து.

எழுத்தா? எனக்கா? கதிரையில் இருந்திருந்தால் சாய்ந்தே இருந்திருப்பேன். சாய்மானமில்லாத வாங்கு என்றபடியால் கொஞ்சம் நிமிர்ந்ததோடு நின்றது.

"என்ன இருக்குது எண்டு சொன்னால் அது விவரணம். ஏன், எப்பிடி எண்டு பிரிச்சுப் பார்த்தால் பகுப்பாய்வு. இதுதான் சரி எண்டு ஆதாரத்தோட நிறுவினால் வாதம். மற்ற ஆள் சொல்லுறதையும் எடுத்து, ரெண்டையும் நிறுத்துப் பார்த்தால் விமர்சனம்" என்றார் மிஸ். பிள்ளைகள் பலகையைப் போனில் படம் எடுத்தார்கள். நான் எழுதக்கூட இல்லை. இது தெரியாமலா இவ்வளவு காலம் எழுதுகிறேன்?

முதல் ஒப்படை: நாளாந்தப் பயணம் ஒன்றை விவரிக்கவேண்டும். லோஞ்சை எழுதினேன். டீசல் மணம், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு எறிகிறவர், உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தபோது எனக்குள் என்னென்ன எழும்பியது... எல்லாம் எழுதினேன். இந்தப் பத்தியில் வந்திருந்தால் போன் எடுத்துப் பாராட்டியிருப்பீர்கள்.

ஒப்படை திரும்பி வந்தது. சித்தியில்லை, பெயில்.

வகுப்பு முடிந்து மிஸ்ஸிடம் போய் நின்றேன்.

"அக்கா, நல்ல வடிவா எழுதியிருக்கிறீங்கள். நான் ரெண்டு தரம் வாசிச்சனான்."

"பிறகென்ன மிஸ்?"

"லோஞ்ச் எவ்வளவு பெரிசு, எத்தினை பேர் ஏறலாம், எங்க நிக்கும்... ஒண்டும் எனக்குத் தெரியேல்லை. உங்களைத்தான் தெரியுது. முதல் பக்கத்தில எத்தினை 'நான்' வந்திருக்கெண்டு எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். எத்தனை என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று — பத்தி எழுதுகிறவளிடமிருந்து 'நானை'ப் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சமைக்கிறவளின் குசினியில் உப்புப் போத்தலை ஒளித்து வைத்த மாதிரித்தான் இருந்தது. முக்கி முனகி இரண்டாம் முறை எழுதிச் சித்தியடைந்தேன்.

அடுத்தது பகுப்பாய்வு. தலைப்பை நாங்களே தெரிவு செய்யலாம் என்றார்கள். 'தீவகத்து மக்கள் ஏன் ஊரை விட்டு வெளியேறினார்கள்?' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு நான் எங்கும் தேடிப் போகத் தேவையில்லை. என் படலையைத் திறந்தால் எதிரில் பூட்டிய வீடு. அதற்கு அடுத்ததும் பூட்டு. காரணங்களை வகை பிரித்தேன். போர் ஒன்று. தெற்கில் கடை வைத்திருந்து, அங்கேயும் இருக்க ஏலாமல் வெளிநாடு போன குடும்பங்கள் — அதைத் தொழில் என்று போட்டேன். மூன்றாவது வகை, கல்யாணம்.

"ஊகத்தில எழுத வேண்டாம் அக்கா. போன ஆக்களிட்டையே கேளுங்கோ" என்றார் மிஸ்.

யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபோது முதலில் வந்த பெயர் பத்மா.

இத்தனை வருடம் எழுதுகிறேன், பத்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. முதலாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரைக்கும் நாங்கள் ஒரே வாங்கு. அவளுடைய அப்பாவுக்குத் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை. எங்கள் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். கம்பஸ் கிடைத்தால் இருவரும் ஒரே அறை எடுப்பது என்று பேச்சு. யாருக்கு எந்தக் கட்டில் என்பது வரை முடிவாகிவிட்டது. யன்னல் பக்கம் அவளுக்கு. அதற்காக நான் ஒரு கிழமை அவளோடு கதைக்காமலும் இருந்திருக்கிறேன்.

பிறகு தீவே எழும்பி ஓடிய காலம் வந்தது. எங்கள் குடும்பம் ஒரு வள்ளம், அவர்கள் வேறு வள்ளம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கினோம். அவர்கள் கொழும்புக்குப் போனார்கள். அங்கிருந்து பத்மா நோர்வேக்கு. பரீட்சை முடிவு வந்தபோது இருவருக்கும் கம்பஸுக்குப் போகக்கூடிய புள்ளி. இருவருமே போகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், நான் அவர் பக்கத்தில் நின்றேன். பிறகு கல்யாணம், மகன், அலைச்சல், ஊர் திரும்பியது... வாழ்க்கை போய்விட்டது.

பத்மாவோடு முதலில் கடிதம் இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோய், பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் வாட்ஸ்அப்பில் பூப்படம். நான் ஒரு பூ அனுப்பினால் அவள் ஒரு பூ. உங்கள் போனிலும் இப்படி ஒரு பூந்தோட்டம் இருக்கிறதா, இல்லையா? அந்தப் பூவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஒரு ஆள் இருந்தது என்பதுகூட மறந்துபோகிறது.

'ஏனடி திரும்பி வரேல்லை?' என்ற கேள்வி எனக்குள் எத்தனையோ வருடமாகக் கிடந்தது. சும்மா கேட்க ஏலாது. கேட்டால் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒப்படை என்றால் கேட்கலாம்தானே? படிப்புக்காகக் கேட்கிறோம்!

ஒரு ஞாயிறு பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"எடியே, நீயோ! என்ன, ஆருக்கும் ஏதும்...?"

ஊரிலிருந்து திடீரென்று போன் போனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையடி. ஒரு ஒப்படைக்கு எடுத்தனான்."

"என்ன படை?"

விளக்கினேன். சிரித்தாள். தலைமயிர் நரைத்திருக்கலாம், உடம்பு வைத்திருக்கலாம். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு — இடையில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும் சிரிப்பு. சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப கம்பஸ் படிப்புப் படிக்கிறாய். எனக்குச் சொல்லாமல் போட்டியே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேனையை எடுத்து, தொண்டையைச் செருமி, உத்தியோகக் குரலில் கேள்வியைக் கேட்டேன். ஊரைவிட்டு வெளியேறப் பிரதான காரணம் என்ன?

"நீ என்னென்ன வகை வைச்சிருக்கிறாய்?"

"போர், தொழில், கல்யாணம்."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள்.

"என்னை ஒண்டிலயும் போடாதை. நான் ஊரை விட்டுப் போகேல்லையடி. கொழும்பில நிக்கேக்குள்ள, சண்டை அடங்கினதும் ஊருக்கெண்டுதான் நினைச்சனான். பிளேன் ஏறேக்குள்ளயும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் எண்டுதான். பிறகு மகள் பள்ளிக்கூடம் முடிக்கட்டும் எண்டு பாத்தன். அவளின்ரை கல்யாணம் முடியட்டும் எண்டு பாத்தன். நான் போகவேயில்லை. வரப் பிந்திப்போச்சு. அவ்வளவுதான்."

பேனையை மூடி வைத்தேன்.

அன்றிரவு ஒப்படையில் நான்காவதாக ஒரு வகை சேர்த்தேன். 'வரப் பிந்தியவர்கள்.' மிஸ் அதை வட்டம் போட்டு, "இது எந்த நூலில இருக்குது அக்கா?" என்று கேட்டார்.

"நூலில இல்லை மிஸ். நோர்வேயில இருக்குது."

மிஸ் சிரிக்கவில்லை. அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தார். "அடிக்குறிப்பில 'தனிப்பட்ட உரையாடல்' எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். ஒரு மனுசியின் முழு வாழ்க்கையும் சின்ன எழுத்தில் பக்கத்தின் அடியில் போய் இருந்துகொண்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒப்படை தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மா எடுப்பாள், இல்லாவிட்டால் நான் எடுப்பேன். கிணற்றடிப் பலா நிற்கிறதா, தேவாலயப் பக்கத்து ஒழுங்கையில் இப்போது யார் இருக்கிறார்கள்... கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய வீட்டைக் காட்டினேன். கூரை இறங்கியிருந்தது. "காணும், நிப்பாட்டு" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது வாதக் கட்டுரை. "ஒரு வாசகரை மனதில வைச்சு, அவர் இணங்கிற மாதிரி எழுதுங்கோ" என்றார் மிஸ். எனக்கு வாசகர் தேட வேண்டுமா? 'புலம்பெயர்ந்தோர் தீவகம் திரும்புவது சாத்தியமே' என்று தலைப்புப் போட்டு இறங்கிவிட்டேன். மின்சாரம் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது, இடிந்த வீட்டைத் திருத்தலாம், கிணற்றை இறைக்கலாம். எல்லாம் ஒழுங்கு முறையாக. ஒரு இடத்திலும் 'நான்' இல்லை!

ஆனால் எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கடல் குழம்பினால் லோஞ்ச் ஓடாது. நோய் வருத்தம் கடுமையானால் ஆளை வள்ளத்தில்தான் ஏற்ற வேண்டும். பழகிய சனம் பாதிக்கு மேல் இல்லை. எழுத எழுத எதிர்வாதம்தான் கொழுத்துக்கொண்டு போனது. என் கணவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்சேரும், இதை வாசிச்சால் நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டிடலாம் போல கிடக்குது."

மிஸ்ஸுக்குக் கொடுக்க முன்னம் பத்மாவுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஞாயிறு அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளதையும் கெடுத்துவிட்டேனா? பூப்படம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாமோ?

கிழமை நடுவில் அவளே எடுத்தாள். பின்னால் ரெயின் தண்டவாளத்தில் ஓடும் சத்தம்.

"வேலைக்குப் போறன். வழியில உன்ரை கட்டுரையைத்தான் திரும்பவும் வாசிச்சனான். நான் மிஸ்ஸா இருந்தால் புள்ளி போடமாட்டன்."

"ஏனடி?"

"கரண்ட் இருக்குது வா எண்டு எழுதியிருக்கிறாய். இஞ்ச கரண்ட் இல்லையே? கிணறு இருக்குது வா, வீடு இருக்குது வா... நீ இருக்கிறாய், வா எண்டு ஒரு வரி இல்லையே. முழுக்கத் தேடினனான்."

"அப்பிடி எழுத ஏலாதடி. 'நான்' வரப்படாது."

"ஆர் சொன்னது?"

"மிஸ்."

இந்தமுறை பத்மா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். கணவருக்கு இருதயத்தில் இரண்டு தரம் ஒப்பரேஷன். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வீடு. மகளின் பிள்ளையை நேர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது இவள். "இஞ்ச இருந்தால் அங்க மனம் போகுது. அங்க வந்தால் இஞ்ச போகும். எதுக்கடி ஆதாரம் கேக்கிறாய்? என்னட்டை ரெண்டுக்கும் இருக்குது."

விமர்சன எழுத்து என்றால் என்ன என்று மிஸ் எவ்வளவோ பாடுபட்டு விளக்கியிருந்தார். எனக்கு அது அந்த ரெயின் சத்தத்துக்குள்தான் விளங்கியது. இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கலாம். தராசு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். நிற்கிற தராசை வைத்துக்கொண்டு ஒரு பெண் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள்.

போனோடு வளவுக்குள் இறங்கினேன். வேலிப் பக்கம் போய் நின்றேன்.

"பத்மா, எனக்கு உன்னைக் காணவேணும் போல கிடக்குதடி. காரணம் ஒண்டுமில்லை. ஆதாரமும் இல்லை. நான் உன்னைக் காணவேணும். வாடி."

அந்தப் பக்கம் ரெயினில் ஒரு அறிவிப்பு, எனக்குத் தெரியாத பாஷையில். அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"இறங்கிற இடம் வந்திட்டுது" என்றாள். பிறகு, "சரியடி... வாறன்."

போன் நின்றது.

கட்டுரைக்கு மிஸ் நல்ல புள்ளி போட்டிருக்கிறார். 'வாதம் உறுதியானது' என்று குறிப்பும் இருக்கிறது. அதைப் பத்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் எழும்பிப் போகிற ஒருவரும் 'போறன்' என்று சொல்வதில்லை. வாசலில் நின்றும் 'வாறன்'தான், கடல் கடந்து போகும்போதும் 'வாறன்'தான். உண்மையாகவே வருகிறவர் சொல்வதும் அதே 'வாறன்'தான். பத்மா சொன்னது எது?

பகுப்பாய்வில் சித்தியடைந்தவள்தான் நான்... இந்த ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.