அரைக்கட்டை கீழே

அண்ணி எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள். பஸ்ஸில் தூங்குவாள், பல் டாக்டரின் நாற்காலியில் தூங்குவாள். ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடியே தூங்கினாள். "இவளுக்கு இமை மட்டும் இருந்தா போதும், மெத்தை வேண்டாம்" என்பான் அண்ணன். சொல்லிவிட்டு, அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பான்.

அண்ணி கிளாரினெட் வாசிப்பவள். நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் கிளாரினெட்டுக்கு இரண்டு நாற்காலிகள் உண்டு. முதல் நாற்காலி அவளுடையது. ஆனால் தற்காலிகம்தான். பழைய ஆள் ஓய்வு பெற்றதிலிருந்து வருஷா வருஷம் அவளையே கூப்பிடுவார்கள், வருஷா வருஷம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது. அண்ணன் பஸ் ஓட்டுகிறான். அவன் சம்பளம் மிச்சத்துக்குக் காணாது. ஆகவே அண்ணி மதியத்தில் ஓர் உணவகத்தில் ஜாஸ் வாசிப்பாள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைத் தியரி பாடம் எடுப்பாள். காலையில் ஒத்திகை, எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். மதியம் எழுதாததை வாசிக்க வேண்டும். சாயங்காலம் எழுதவும் வராத, வாசிக்கவும் வராத கூட்டத்தைக் கட்டி மேய்க்க வேண்டும்.

"எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் நடத்துனர் சொன்னாத்தான் வண்டி நகரும்" என்பது அண்ணனின் இன்னொரு ஜோக். ஆர்கெஸ்ட்ராவுக்கும் கோலை ஆட்ட ஒரு நடத்துனர் உண்டு. முதல் தடவை சிரித்தோம்.

இந்த வருஷம் 'பார்க்கலாம்' கிடையாது என்று ஆர்கெஸ்ட்ராவில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. அதில் இரண்டாவது பகுதி முழுவதும் முதல் கிளாரினெட்டின் தனி வாசிப்பை நம்பித்தான் இருக்கிறது. கச்சேரி முடிந்த கையோடு மரக்குழல் ஊதுகிற மற்ற ஏழு பேரும் கூடிக் கை தூக்குவார்கள். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் அடுத்த கச்சேரிப் பருவத்தில் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் சித்தப்பா. அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டாவது கிளாரினெட் வாசிப்பவர். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. முதல் இடத்துக்கு என்றைக்கும் வராதவர், ஆனால் அவர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்பதால் மொத்தக் குழுவும் வைத்த பெயர். கனத்த உடம்பு, சுருக்கமான பேச்சு.

இங்கே கிளாரினெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களிடம் அது ஒன்றல்ல, இரண்டு இருக்கும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று பி-ஃபிளாட், இன்னொன்று ஏ. இந்த ஏ கொஞ்சம் நீளம், அரைக்கட்டை கீழே பேசும், அதாவது சுருதி அரைப்படி இறங்கியிருக்கும். விரல் அதே விரல், துளை அதே துளை. எந்தச் சுருதிக்கு எது தோதோ அதற்கு எழுதியிருப்பார்கள். வாசிப்பவர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பி-ஃபிளாட் ஒன்றே போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் உணவகத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணி அரங்கத்தின் பின்வாசல் வழியாக ஓடிவந்தபோது சித்தப்பா ஏற்கெனவே மேடையில் இருந்தார்.

"வாம்மா ஓட்டல்காரி. சாப்பிட்டியா?"

"நான் வாசிச்சேன். மத்தவங்க சாப்பிட்டாங்க."

"நல்லா இருக்கு" என்றார் சித்தப்பா.

அண்ணனும் நானும் மாடி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் பகுதி நன்றாகவே போயிற்று. அது பி-ஃபிளாட்டில். இரண்டாவதற்கு ஏ வேண்டும். இடைவெளியில் அண்ணி கையிலிருந்ததைத் துடைத்துத் தாங்கியில் நிறுத்தினாள். ஆறிப்போயிருந்த மற்றதை எடுத்துச் சூடாவதற்காக உள்ளே ஊதினாள், அதையும் நிறுத்தினாள். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். பிறகு ஒன்றை எடுத்தாள். எடுத்தது பி-ஃபிளாட்.

வயலின்கள் மெல்லிசாக விரித்துப் பிடித்த சுருதியின் மேல் அவளுடைய முதல் ஸ்வரம் விழ வேண்டும். விழுந்தது, அரைக்கட்டை மேலே. ஆனால் தப்பு என்று எனக்குத் தெரிவதற்குள் அந்த ஸ்வரம் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கிச் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஜாஸ்காரர்கள் வேண்டுமென்றே செய்கிற வழுக்கல். பக்கத்திலிருந்த பெரியவர் ரசித்துத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணி பின்னால் சொன்னாள். கருவியை மாற்ற நேரமில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தாளில் இருப்பது ஒரு ஷார்ப்பும் இல்லாத, விரலுக்கு எளிதான சி மேஜர். கையில் இருக்கும் கருவிக்கு ஒவ்வொரு ஸ்வரத்தையும் அரைக்கட்டை இறக்கி, ஐந்து ஷார்ப் உள்ள, விரல் சிக்கிக்கொள்கிற பி மேஜரில் வாசிக்க வேண்டும். கண் ஒன்றைப் பார்க்கும், விரல் வேறொன்றைச் செய்யும். உணவகத்தில் பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டினால், பியானோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டை விரலைக் கீழே காட்டுவார். உடனே எல்லோரும் இறங்கியாக வேண்டும். அங்கே பழகியது. ஆனால் அங்கே ஒரு ஸ்வரம் பிசகினால் யாரோ கரண்டியைக் கீழே போடுவார்கள், தெரியாது. இங்கே அறுநூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முக்கால்வாசி தாண்டியபோதுதான் அவளுக்குக் கடைசி ஸ்வரம் நினைவுக்கு வந்தது.

அந்தத் தனி வாசிப்பு படிப்படியாக இறங்கி, ஏ கிளாரினெட்டின் ஆக அடிமட்ட ஸ்வரத்தில், எல்லாத் துளையும் மூடிய நிலையில் முடிகிறது. பி-ஃபிளாட்டில் அந்த ஸ்வரமே கிடையாது. அதன் அடிமட்டம் அதற்கு அரைக்கட்டை மேலேயே நின்றுவிடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறு ஒரு சாண் குறைகிறது. அதைத் தவிர்த்துவிடவும் வழியில்லை. வயலின்கள் வெறும் சட்டகத்தை மட்டுமே பிடித்திருக்கும்; அது மேஜரா மைனரா, சந்தோஷமா துக்கமா என்று சொல்லப்போவது கிளாரினெட்டின் அந்த ஒரு ஸ்வரம்தான்.

அண்ணி ஓரக்கண்ணால் சித்தப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அங்கே ஓய்வு. ஏ கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் இறங்கினாள். இன்னும் இறங்கினாள். கடைசிக்கு முந்தைய ஸ்வரத்தில் மூச்சைத் தேய்த்து முடித்தாள். ஊதுவாயில் வைத்த உதட்டை எடுக்கவில்லை. அந்த ஸ்வரம் வந்தது. இருட்டாக, உருண்டையாக, கொஞ்சமும் ஒட்டுத் தெரியாமல். சித்தப்பா எப்போது கருவியை எடுத்தார் என்று மாடியிலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை.

கச்சேரி முடிந்து ஏழு பேரும் பின்னறைக்குள் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி நடந்ததை மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஆளு காப்பாத்திட்டார்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"கடைசி நோட்டைக் காப்பாத்தினார்" என்றாள் அண்ணி.

கதவு திறந்தது. சித்தப்பா கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு தனியாக வந்தார்.

"கிடைச்சிடுச்சு" என்றார். "நிரந்தரம். ஏழுக்கு ஆறு."

அண்ணன் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனான். அண்ணி உட்கார்ந்தபடியே கேட்டாள்: "அந்த ஏழாவது ஆள் யாரு?"

"நான்."

அண்ணனின் கை பாதியில் நின்றது. "என்ன சார் நீங்க? அந்த நோட்டை வாசிச்சதே நீங்கதானே."

"அது வேற, இது வேற தம்பி. கீழ விழப் பார்த்துச்சு, பக்கத்துல இருந்தேன், பிடிச்சேன். பிடிச்சதுக்காகக் கையையும் தூக்கணுமா? எந்தக் குழல் எதுன்னு தெரியாத அளவுக்குக் களைச்சுப்போய் ஒருத்தி வந்து உட்கார்றா. இன்னைக்கு நான் சும்மா இருந்தேன். நாளைக்கு எனக்கும் வாசிக்க வேண்டியது இருக்கும். அப்ப யாரு பிடிப்பாங்க?"

"உள்ள இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"சொல்லாம? எல்லாத்தையும் சொன்னேன். நீ எடுத்தது பி-ஃபிளாட்டு, கடைசி நோட்டு என்னோடதுன்னு. கேட்டுட்டு, 'தப்பான குழல்லயா அத்தனையும் வாசிச்சா'ன்னு வாயைப் பொளந்துக்கிட்டு இன்னும் வேகமா கையத் தூக்கிட்டானுங்க. வெவரம் கெட்டவனுங்க."

அண்ணன் சிரிப்பதா சண்டைக்குப் போவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அண்ணி மட்டும் தலையசைத்தாள்.

"நானா இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றார் சித்தப்பா. கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கைக்குத் துளை அகப்படாமல் சற்றுத் திண்டாடினார். அண்ணி எழுந்து பிடித்துவிட்டாள். "அந்த ஓட்டலை விட்டுடு. உனக்காகச் சொல்லல, எனக்காகச் சொல்றேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் வருஷம் கிடக்கு. அதுவரைக்கும் உன் பக்கத்துலதான் உட்காரணும்."

அவர் போன பிறகு அண்ணி அண்ணனின் போனை வாங்கி, உணவகத்துப் பியானோக்காரரைக் கூப்பிட்டாள். தாழ்வாரம் வெறிச்சோடியிருந்ததால் அவர் பேசியதும் எங்களுக்குக் கேட்டது.

"நாளையிலேர்ந்து வரல."

"கிடைச்சிடுச்சா?"

"ம்."

"என்னம்மா, குரல்ல சந்தோஷத்தையே காணோமே."

"இருக்கு. வந்து சேர நேரமாகும்."

அந்தப் பக்கம் யாரோ மேஜைகளை இழுத்துப் போடுவது கேட்டது. "பாட்டுக்காரிக்கு நான் சொல்லிக்கறேன். உன்னோட நோட்ஸ் ஸ்டாண்டு இங்க நிக்குது, வந்து எடுத்துக்கோ. விட்டா முதலாளி அதுல மெனு கார்டை மாட்டிடுவான்."

"மாட்டட்டும்" என்றாள் அண்ணி.