இடம் போதாத புரோகிராம்

திருப்பதி கல்லூரி லேபில் அசெம்பிளி புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கணக்குக்கான எண்களை வைக்கும் ரிஜிஸ்டர்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. இன்னும் இரண்டு எண்களுக்கு இடமில்லை.

"ரிஜிஸ்டர் சாலதும்மா, பத்தாது. சின்னதா ஒண்ணு எழுது. பாஸ் ஆனா போதும் உனக்கு," என்றார் சார்.

அந்த 'உனக்கு' சுட்டது.

நகரியில் எங்கள் வீடு ஒரே அறை. பாதியைத் தறி அடைத்துக்கொள்ளும். படுப்பதற்காகப் பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரணில் அடுக்குவோம். காலையில் மேலே இருப்பதை முதலில் இறக்குவோம்.

அப்படியே இரண்டு ரிஜிஸ்டர்களின் எண்களை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் ஏற்றி, காலியான இடத்தில் கணக்கைப் போட்டேன். பிறகு கடைசியாக ஏற்றியதை முதலில் இறக்கினேன். விடை சரியாக வந்தது.

"இவ்ளோ பிடிவாதம் எதுக்கும்மா?"

"எங்க வீட்ல ஒரே ரூம்ல ஆறு பேரு இருந்துக்கினு இருக்கோம் சார். எடம் இல்லன்னு யாரையும் வெளிய அனுப்பல."