நல்லம்மா கேட்காத கடைசி அடி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நல்லம்மாவிடம் யாரும் பேச்சை இழுக்க மாட்டார்கள். இழுத்தால் அவளுக்குப் பொறுக்காது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற கணக்குப்பிள்ளையானாலும் சரி, தாலி கட்டிய வீரய்யாவானாலும் சரி, "சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைங்களேன்" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு பாட்டு நாலு வருஷமாக அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது. அநியாயம் என்றால் இதுதான் அநியாயம்.

பாட்டு, சாரல் குழுவினுடையது. பண்டாரவளைப் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர், இரண்டு கிற்றார், ஒரு தப்பு, ஒரு மவுத் ஓர்கன், அவ்வளவுதான் அவர்கள் குழு. ஆனால் தோட்டத்துப் பேச்சிலேயே பாடினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு இராசையா தன் ரேடியோவை வாசலில் வைப்பான். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக எப்போதும் அதுதான் வரும். காணாமல் போன மாட்டைத் தேடி ஒருத்தி மலை மலையாக அலைகிறாள். ஆற்றோரம் பார்க்கிறாள், கானுக்குள் பார்க்கிறாள், மேல்மலைக்கு ஏறுகிறாள்.

"மேல்மலைக்கும் போனேனடி, மேகத்துக்குள் தேடினேன்டி,
மணிச்சத்தம் கேக்குதடி, மாடு எங்கே காணலியே."

அந்த இடத்தில் டொக்கென்று பாட்டை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வியாழன் தப்பாமல் இப்படித்தான். மாடு கிடைத்ததா இல்லையா? கேட்டால் இராசையா, "பாட்டுத்தானே அக்கா, விடுங்க" என்பான். மாடு வளர்க்காதவனுக்கு என்ன தெரியும்? இசைத்தட்டு வந்திருப்பதாகவும் கேள்வி. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டிக்கு லயத்து வரிசை வீடுகளில் யார் எங்கே போவது?

எழுபத்தொன்பதாம் வருஷம் நல்லம்மா குடும்பத்துக்கு ஒரேயடியாக இந்தியா போகும் கடுதாசி வந்தது. புதன்கிழமை பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏற வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பதுளையில் சாரல் குழுவின் கச்சேரி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். புதன் தாண்டினால் சாரல் குழு ஏது, வியாழக்கிழமை ரேடியோ ஏது? மாடு கிடைத்ததா என்று அந்தக் கரையில் யாரிடம் போய்க் கேட்பது? இந்த ஞாயிறு விட்டால் இந்த ஜென்மத்துக்கு இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை விடுவதாக இல்லை. பயணம் சொல்ல வருகிறவர்கள் விடிந்ததிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். வெற்றிலை, பிஸ்கட் என்று எதையாவது நீட்டுவார்கள், பலகையில் உட்காருவார்கள், "அங்க போயி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பார்கள். அதே கேள்வி இருபது தடவை. இருபது தடவையும் வீரய்யா முதலிலிருந்து பதில் சொன்னான். போதாக்குறைக்குச் செவலை வேறு. வெள்ளிக்கிழமையே, தான் வளர்த்த அந்தப் பசுவை அடுத்த லயத்துக் கருப்பம்மாவிடம் பிடித்துக் கொடுத்தாயிற்று. கொடுத்த மாடு கொடுத்த இடத்தில் நிற்க வேண்டாமா? இரண்டு நாளாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நல்லம்மா வாசலில் நின்று கத்தியது. இரண்டு தடவையும் திட்டிக்கொண்டே இழுத்துப் போய்க் கட்டிவிட்டு வந்தாள்.

"பெட்டி கட்டணும், நீ பாட்டுக்குக் கெளம்புறியே" என்றான் வீரய்யா.

"பெட்டி புதங்கிழமைதான் போகுது. பாட்டு இன்னைக்கிப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த விருந்தாளிகளையும் பாராமல், கருப்பம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்று மணிக் கச்சேரிக்கு இரண்டே முக்காலுக்கே மண்டபத்தில் இருந்தார்கள். மூன்றானது. மூன்றரையானது. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பிரமுகர்கள் வேண்டுமாம், நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஐந்தாமவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்து ஏற்றியதும் காற்றில் இரண்டு திரி அணைந்தது. அணைந்தது அபசகுனம் என்று முதலிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு இன்னொரு பொன்னாடை. "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கியவர்தான் அதிக நேரம் பேசினார். நாலே முக்கால் ஆகிவிட்டது. தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு.

"இவனுக பேசி முடிக்கிறதுக்குள்ள நான் இந்தியாவே போயிருவேன் போலிருக்கே" என்றாள் நல்லம்மா. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று அவளும் பார்த்தாள்.

ஒருவழியாகத் திரை விலகியது. நடுவில் ஒலிவாங்கி முன்னால் நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அந்தக் கனத்த குரலுக்கு ஒரு மீசைக்காரனை, தோள் அகன்றவனை நினைத்து வைத்திருந்தாள். அழகையா என்கிற அந்தப் பாட்டுக்காரன் தேயிலை மிலாறுக் குச்சி மாதிரி இருந்தான். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தும் விரல்தான் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தான் பாருங்கள், அதே குரல். ரேடியோவில் கரகரப்போடு கேட்ட குரல், கரகரப்பில்லாமல், தனக்கே சொல்வது போல வந்தது. நல்லம்மாவுக்குப் புல்லரித்தது. விளக்கு, பொன்னாடை எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள்.

நாலாவது பாட்டு அதுதான். தப்பு மெதுவாக விழுந்தது. ஆற்றோரம் போனாள், கானுக்குள் போனாள். மண்டபம் முழுதும் கூடப் பாடியது. நல்லம்மா பாடவில்லை. பாடினால் கேட்காதே என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மணிச்சத்தம் கேக்குதடி, மாடு எங்கே காணலியே."

கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. விசில் பறந்தது. நாலு வருஷமாக எல்லா லயத்திலும், எல்லாக் கடையிலும் அந்த இடம் வரைதானே கேட்டிருக்கிறார்கள்? பாட்டு அதோடு முடிந்தது என்றே சனம் முடிவு கட்டியிருந்தது. அழகையா அடுத்த அடிக்கு வாயைத் திறந்தான், சனத்தைப் பார்த்தான், சிரித்தான், கையெடுத்துக் கும்பிட்டான். அறிவிப்பாளர் மாலையோடு ஓடி வந்தார். பக்கத்தில் கருப்பம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி தட்டுற? பாட்டு முடியலடி."

"முடிஞ்சிருச்சே. இதோடதானே முடியும்?"

நல்லம்மா எழுந்து நின்றாள். "பாட்டு முடியலைங்க" என்று சத்தமாகத்தான் சொன்னாள். "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. நாலு வருஷம் ரேடியோக்காரன் கெடுத்தான், இன்றைக்குச் சொந்தச் சனமே கெடுத்தது.

அதற்குமேல் அவள் ஒரு பாட்டும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்கதவுக்குப் போய் நின்றாள். நெஞ்சில் ரிபன் குத்திய ஓர் ஆள் மறித்தான். "உள்ள போக முடியாது." "நான் உள்ள போகல, அவங்க வெளிய வரட்டும்" என்று படியிலேயே குந்திவிட்டாள். பஸ் போயிரும் என்று கருப்பம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு அழகையா கையில் பிளேன்டீயோடு வெளியே வந்தான். கிற்றார்கள் ஏற்கெனவே வேனுக்குள் ஏறியிருந்தன. நல்லம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, மாடு கெடச்சுச்சா இல்லையா?"

அவன் விழித்தான். பிறகு புரிந்து சிரித்தான். "எல்லா ஊர்லயும் அந்த எடத்துல தட்டிர்றாங்க அக்கா. நாங்களும் அதோட விட்டுர்றது. கடைசி அடியைக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

"சிரிக்காதீங்க. எனக்குப் புதங்கிழமை கோச்சி. இந்தியாவுக்குப் போறோம். இப்ப பாடாட்டி நான் எப்ப கேக்குறது?"

அவன் சிரிப்பு நின்றது. கோப்பையைப் படியில் வைத்தான். வேன்காரன் ஹார்ன் அடித்தான். அவனைக் கையமர்த்திவிட்டு, கிற்றாரும் தப்பும் இல்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பாடினான்.

"மாடு வந்து வாசலிலே மணியாட்டி நிக்குதம்மா,
தேடிப் போன மகராசி திரும்பிவரக் காணலியே."

பாடி முடித்து, "அவ்வளவுதான் அக்கா" என்றான்.

நல்லம்மா படியிலிருந்து எழுந்தாள். "நல்லா எழுதுனீங்க போங்க" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் இடம் இல்லை. மண்டபப் படியில் தள்ளி நின்றதால் பாட்டைக் கேட்டிராத கருப்பம்மா, கம்பியைப் பிடித்தபடி ஆவலாகக் கேட்டாள். "என்னடி சொன்னான்? மாடு கெடச்சுச்சா?"

"கெடச்சிருச்சு."

"அதானே பாத்தேன். இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

தோட்டத்து வளைவில் இறங்கி, லயத்துக்குப் பிரிகிற பாதை வரை நடந்தார்கள். அங்கே நல்லம்மா நின்று, "இந்தா கருப்பம்மா, கேட்டுக்க" என்றாள். "புதங்கிழமைக்குப் பொறகும் செவலை என் வாசலுக்குத்தான் வரும். கட்டி வச்சாலும் அத்துக்கிட்டு வரும். அடிக்காத. ஆனா பூட்டின கதவுக்கு முன்னால அதை நிக்க மட்டும் விட்றாத. ஒடனே வந்து கூட்டிட்டுப் போயிரு."

"சரிடி, கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கருப்பம்மா.

"ஒடனே."

"ஒடனேதான்டி, எத்தனை வாட்டி சொல்லுவ?"

நல்லம்மா இன்னும் ஒரு தடவை சொன்னாள்.