கயிறு கட்டியவரோடு டிஜோன் நகரில் நான்கு நாள்

எங்கள் மகள் சௌமியா பிரான்ஸில் டிஜோன் என்ற ஊரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். படிப்பு முடிவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொழுந்தனாரிடம் கொட்டகைகளை ஒப்படைத்துவிட்டு ஒருவழியாக இந்த ஜூன் மாதம் போய்வந்தோம்.

டிஜோன், பர்கண்டி என்ற ஒயின் வட்டாரத்தின் பழைய தலைநகரம். சாப்பாடு, ஒயின், கடுகு, அரண்மனை என்று நான்குக்கும் பேர்போனது. நாங்கள் ஒயினை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் போனவர்கள். ஒயின் பற்றித் தகவல் தேடி வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை எப்படித் தவிர்ப்பது என்று கேட்டால் நிறையச் சொல்வேன்.

காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குடித்தவர். எப்படிக் குடித்தார் என்று எழுதப் போவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள், இத்தனை நாள் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் கெடு சொல்லி, பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கெடு முடிந்ததும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். இவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வருடக் கெடு. அவிழ்ப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும், மொத்தத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் பழைய வழிக்கே போன ஆட்களை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை நாலரைக்கு நாமக்கல்லில் கார் ஏறினோம். பெங்களூரு விமான நிலையம் 285 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், வாடகை 7,500 ரூபாய். தர்மபுரியில் டீக்கு நிறுத்திய டிரைவர் தம்பி, "பிரான்ஸுங்களாண்ணா? அங்க தண்ணி பாட்டல விட ஒயினு சல்லிசாமுங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார்.

"போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தானாக அவர் மணிக்கட்டுக்குப் போனது. கடைசியாகக் கயிறு மாற்றியது எப்போது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். புதன்கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. சௌமியாவின் பரீட்சைத் தேதியைப் பார்த்தேன், எந்த நாளில் டிக்கெட் மலிவு என்று பார்த்தேன், இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். கெடு முடிகிற நாளில் பூசாரி ஏழெட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார், இவர் ஒயின் ஊரில் இருப்பார். இதைச் செய்தது நானேதான். அவருக்குத் தேதி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவும் பயம், கேட்டு நானே ஞாபகப்படுத்திவிட்டால் என்ன செய்வது?

பாரிஸில் விமான நிலையம் பக்கத்திலேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை டிஜோனுக்கு அதிவேக ரயில் பிடித்தோம். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம், இரண்டு மாதம் முன்பே எடுத்ததால் ஆளுக்கு 39 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சௌமியா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அங்கிருந்து எட்டு நிமிட நடையில் சமையலறையோடு கூடிய அறை, நாளுக்கு 82 யூரோ. கதவைத் திறந்தால் மேசை மேல் வரவேற்பாக ஒரு பாட்டில் சிவப்பு ஒயின். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைத் துண்டில் சுற்றி சௌமியாவின் பைக்குள் திணித்துவிட்டேன். "அம்மா, சும்மா இரேம்மா" என்றாள் அவள். எங்கே சும்மா இருக்கிறது?

திங்கட்கிழமை பழைய நகரம் முழுக்க நடந்தே பார்த்தோம். அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு தேவாலயச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஆந்தைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஜனங்கள் தொட்டுத் தொட்டு அதற்கு முகமே இல்லாமல் தேய்ந்துவிட்டது. இடது கையால் தொட்டு வேண்டிக்கொண்டால் நடக்குமாம். "எடது கையிலயா கும்படறது?" என்று இவர் ஒதுங்கிக்கொண்டார். எனக்கு அந்த ஆராய்ச்சி எல்லாம் இல்லை. புதன்கிழமை நல்லபடியாகக் கழிய வேண்டும் என்று இரண்டு கையாலும் தொட்டேன்.

செவ்வாய் காலை சந்தைக் கட்டடம். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலைகளில் மட்டும்தான் நடக்கும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். சௌமியா வகுப்புக்குப் போய்விட்டதால் மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. சந்தை பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆங்கில மெனுவில் கோழி, மாடு எல்லாமே ஒயினில் வேகவைத்ததாகப் போட்டிருந்தது. ஒரு வரியில் மட்டும் 'முட்டை, பர்கண்டி முறையில்' என்று இருந்தது, 14 யூரோ. "முட்டையில என்ன கலந்துறப் போறான், அதையே சொல்லு" என்றார் இவர். நாமக்கல்காரருக்கு முட்டை மேல் இருக்கும் நம்பிக்கை அது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வந்தது என்னவென்றால், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு நிறத்தில் ஒரு சாறு, அதில் மிதக்கும் இரண்டு முட்டை. இவர் கரண்டியால் ஒன்றை உடைத்தார். "மஞ்சக்கரு நல்ல நெறமா இருக்குது, தீவனத்துல மக்காச்சோளம் தாராளமாப் போடறானாட்ட" என்றபடி வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். கரண்டியைக் கீழே வைத்தார். தட்டைத் தள்ளினார். "இதுல இருக்குது" என்றார்.

பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிவப்பு ஒயினில்தான் முட்டையை வேகவைப்பார்களாம், அதுதான் இந்த ஊர் முறையாம். கொதிக்கும்போது எல்லாம் ஆவியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார் அந்த மனிதர் அன்பாக.

அதை நான் தமிழில் சொன்னதும் இவர், "ஆவியாப் போறது அவங்களுக்கு. எனக்கு வாசமே போதும், எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். ரொட்டியைக் கடுகு விழுதில் தொட்டுத் தின்று, காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் விட்டார். கடுகு விழுதிலும் சிலர் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள் என்று பிறகு படித்தேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

கயிறு காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கயிற்றுக்கு இன்னும் ஒரு நாள்தானே என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

புதன்கிழமை சௌமியா எங்களுக்குத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டும் வேன் பயணம் பதிவு செய்திருந்தாள், ஆளுக்கு 38 யூரோ. தலைவலி என்று பொய் சொல்லி ரத்து செய்தேன். பணம் திரும்பவில்லை. அதற்குப் பதில் அரண்மனைக் கோபுரத்துக்கு அவரை ஏற்றினேன், 316 படி. மேலே ஒயின் கிடையாது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. முட்டி வலி இன்னும் போகவில்லை.

இறங்கிவந்து மாலை ஐந்து மணிக்கு அரண்மனை எதிரில் உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்தோம். வெயில் சுள்ளென்று இருந்தது. எந்த மேசையைப் பார்த்தாலும் கண்ணாடிக் கோப்பை. இவர் இரண்டு காபி சொன்னார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, இன்னைக்கோட கெடு முடியுதுங்க."

"எந்தக் கெடு?"

"கயித்துக் கெடுங்க. நாந்தான் தேதி பாக்காம டிக்கெட்டு போட்டுட்டேன். ஊருக்குப் போற வரைக்கும் எப்படியாச்சும் இருந்துக்கோணும்ங்க."

அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "சுமதி, அது போன வருசமே முடிஞ்சுபோச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"போன வருசம் கோயிலுக்குப் போனனல்ல? அவுத்துப் போட்டேன். மறுக்காக் கட்டிக்கல. கயிறு இல்லாம இருக்க முடியுதான்னு பாப்போமுன்னு வந்துட்டேன்."

"அப்ப கையில இருக்கறது?"

"கோயில் வாசக் கடையில வாங்குனது. பத்து ரூவா. நானே கட்டிக்கிட்டேன்."

"எதுக்குங்க?"

"நீ என்ற கையப் பாக்காமத் தூங்க மாட்டீல்ல."

ஒரு வருடம். கல்யாணங்கள், கெடா வெட்டு, முட்டை வியாபாரிகளின் விருந்து, எல்லாவற்றுக்கும் இந்தப் பத்து ரூபாய்க் கயிற்றோடு போய்விட்டு வந்திருக்கிறார். நேற்று முட்டையைத் தள்ளிவைத்தது கயிறு இல்லை, அவர். ஏமாற்றிவிட்டாரே என்று கோபம் வந்தது. நான் இத்தனை நாள் மனுஷனைப் பார்க்காமல் மணிக்கட்டையே பார்த்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். பக்கத்து மேசை அம்மாள் எழுந்துவந்து காகிதக் கைக்குட்டை கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிஜோனுக்கு மூன்று நாள் தாராளம், நல்ல செருப்பு வேண்டும். கோபுரத்துக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்யுங்கள். மது தொடாதவர்கள் ஓட்டலில் உட்கார்ந்ததும் 'ஸான் வேன்' என்று கேளுங்கள், ஒயின் இல்லாமல் என்று அர்த்தம். முட்டைக்கும் கேளுங்கள். மதுவை விட்டவர் ஒருவரோடு போகிறீர்கள் என்றால், உங்கள் பயத்தை முதல் நாளே வாய்விட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வேன் காசும் முட்டியும் மிச்சமாகியிருக்கும்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, தீவனம் அளக்கக் கிளம்பும்போது, "இனி இதக் கழட்டீரட்டுமா?" என்று கையை நீட்டிக் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமுங்க" என்றேன்.