படுக்கை விரிப்பில் எழுதிய மருமகன்

என் கணவர் ஸ்கொட்லாந்துக்காரர். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து உதைபந்தாட்டம் ஆடித்தான் சாப்பிட்டவர். நடுக்கள ஆட்டக்காரர். பின்னால் நிற்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் நிற்பவர்களுக்குக் கொடுப்பதும், எதிரணியின் காலில் இருப்பதைப் பறிப்பதும்தான் அவருடைய வேலை. பத்திரிகையில் அவருடைய படம் வந்தால் ஓரத்தில் பாதி முகம் தெரியும்.

நான் முதலில் கண்டது அவருடைய உடைந்த பல்லை. மொன்றியலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். இந்த ஊர்க் கழகத்துக்கு ஆட வந்த புதிதில், யாரோ ஒருவருடைய முழங்கை பட்டு முன்பல் உடைந்துவிட்டது என்று வந்து உட்கார்ந்தார். வைத்தியருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் சரளம். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அவருடைய வட ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கலியாணப் பேச்சு எடுத்தபோது அம்மா அழுதார். அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன வேலை?"

"பந்தடிக்கிறவர், அப்பா. அதுதான் வேலை."

"பந்தடிகாரனோ?"

அப்பா யாழ்ப்பாணத்துக் கரையோரப் பிள்ளை. இளம் வயதில் தானும் உதைபந்தாட்டத்தில் இடது ஓரத்தில் ஆடியவர். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை துறைமுகத்துக் களஞ்சியத்தில் பெட்டி இறக்கினார். அந்த ஒரு சொல்லில் அவருடைய எதிர்ப்பு முடிந்துபோனது. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் நின்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

கணவர் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார். மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் சிறிய கழகம் ஒன்றில் சேர்ந்து, மூத்த ஆட்டக்காரர்களின் சப்பாத்து துடைத்துத் தொடங்கியவர். முதல் பிரிவில் சில வருடம் ஆடியிருக்கிறார். கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோது அவரும் இறங்கினார். பிறகு இங்கிலாந்தில் இரண்டு ஊர். முப்பது தாண்டிய பிறகு மொன்றியல். இதையெல்லாம் அவர் சொல்லும்போது, பேருந்து நின்ற தரிப்பிடங்களைச் சொல்வதுபோல் இருக்கும்.

அப்பாவுக்கு அது போதவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது பொறுமை இழப்பார்.

"இவர் ஏன் பந்தை அங்காலையும் இங்காலையும் தட்டிக்கொண்டு நிக்கிறார்? ஒருக்கா அடிச்சுப் பாக்கலாம்தானே?"

பக்கத்தில் சித்தி குடும்பமும் இருக்கும். "கோச் சொல்லுறதைத்தானே செய்யலாம்" என்பேன். எனக்கு முகம் சுடும். அவருடைய ஆட்டம் எனக்கும் விளங்கியதில்லை. ஒரு கோல் அடித்துவிட்டாரென்றால் இவர்களுடைய வாய் அடைபடும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

கலியாணத்துக்குப் பிறகு மூன்றாவது கோடையில் அப்பா ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார். கோவில் ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள், துறைமுகத்தில் கூட வேலை செய்த பழைய நண்பர்கள் எல்லோருமாக மருமகன் ஆடுவதைப் பார்க்கப் போவது ஏற்பாடு. அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தார். அப்பா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து, நீலச் சாயத்தால் தமிழில் பெரிதாக எழுதினார்: எங்கள் மருமகன்.

பஸ்ஸில் ஏறக் கால் வைத்தபோது என் கைபேசி அடித்தது. கணவர்தான். அன்றைக்கு ஆடும் பதினொருவரில் அவர் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக உட்காருபவர்களிலும் இல்லை. அவருடைய இடத்தில் புதிதாக வந்த இளைஞன் ஆடுகிறான்.

அப்பாவைப் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப என்னெண்டு சொல்லுறது? எல்லாரும் ஏறீட்டினம்."

"உள்ளதைச் சொல்லுவம், அப்பா."

"நீ பேசாமல் இரு பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் ஏறி, முன்னால் நின்று, மருமகனுக்குக் கால் நோவாம், இன்றைக்கு ஆடுவது சந்தேகம் என்றார். பஸ் முழுக்க "அச்சச்சோ" என்றது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

அரங்கில் விரிப்பை விரிக்காமல் காலடியில் வைத்திருந்தோம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கணவரே படியிறங்கி வந்தார். ஆடாதவர்கள் மேலே தனி இடத்தில் உட்காருவார்கள். தன்னைப் பார்க்க வந்த ஆட்கள் என்று சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறார். சாதாரண மேற்சட்டை, சப்பாத்து. நொண்டவில்லை. வரிசை வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வரும்போதே அவரைத் திரும்ப அழைத்து, அப்பா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர் எழும்பி, ஆங்கிலத்தில் கால் எப்படி என்று கேட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று தெரிந்தது. இருந்தும் சொன்னார்: "காலுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெடியன் இப்போது என்னைவிட நன்றாக ஆடுகிறான். அவ்வளவுதான்."

நண்பர் "ஓ" என்று உட்கார்ந்தார். அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. கணவர் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் இடத்தில் ஆடுபவனை ஆட்டம் முடியும்வரை பார்த்தார். அவன் நல்ல பந்து ஒன்று கொடுத்தபோது கைதட்டினார். எங்களில் வேறு யாரும் தட்டவில்லை. அந்தக் கைதட்டலை நிறுத்தச் சொல்லி அவருடைய முழங்கையைப் பிடித்தேன். என்ன கூச்சம் அது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் ஆட்களுக்கு முன்னால் அவர் தோற்றவர்போல் இருந்ததா, தோற்றதை மறைக்காமல் இருந்ததா?

அப்பாவின் வீட்டுக்குப் போன பிறகு அவர் என்னிடம் திரும்பினார். கணவர் பக்கத்தில்தான் நின்றார்.

"அவரிட்டைக் கேள். என்னை ஏன் எல்லாருக்கும் முன்னாலை பொய்யனாக்கினவர் எண்டு கேள்."

கேட்டேன். பல் வைத்தியரிடம் மொழிபெயர்த்ததுபோல் சொல்லுக்குச் சொல் கேட்டேன்.

"என்னை எத்தனையோ தடவை அணியில் இருந்து எடுத்திருக்கிறார்கள் என்று மாமாவிடம் சொல். ஒவ்வொரு தடவையும் கால் நோ என்று சொல்லியிருந்தால், பிறகு உண்மையாகவே நொந்தபோது ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். எனக்கும் வெட்கம்தான். ஆனால் அது என் வேலையில் உள்ளது."

சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வேறு நேரத்துப் பூசைக்குப் போனார். நானும் அப்படித்தான். அவரவர் தனித்தனியாக ஒளிந்துகொண்டோம். கணவர் மட்டும் வழக்கமான பூசைக்குப் போய், வாசலில் நின்று எல்லோரோடும் கதைத்துவிட்டு வந்தார்.

ஆட்டப் பருவம் முடிய கணவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. கழகத்தில் கைகுலுக்கி அனுப்பினார்கள். அப்பா, களஞ்சியத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. கணவர் மொன்றியலின் இல்-பிசார் பகுதியில் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் புரோசார்ட் என்ற புறநகரில் ஒரு சின்னக் கழகத்துக்கு ஆடினார். அங்கே அரங்கு இல்லை. கம்பி வேலியும் உட்கார இரண்டு வாங்கும்தான். நான் போய் உட்காருவேன். தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அந்தச் செம்பட்டைத் தலையன், பின்னுக்கு நிக்கிறவன், இவர் வெளியா நிக்கேக்கை ஏன் பந்து குடுக்கிறானில்லை?"

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். மைதானத்தில் அவர் வந்து நின்றதை நான் காணவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், வாகனத் தரிப்பிடத்தில் நின்றிருக்க வேண்டும்.

"எத்தினை சனிக்கிழமை வந்தனீங்கள், அப்பா?"

"இடைக்கிடை" என்றார். முகம் சாப்பாட்டுக் கோப்பைக்குள் இருந்தது.

அப்பா என்ன கேட்டார் என்று கணவர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெடியனுக்கு இடது கால் வராது, அதனால்தான் பயப்படுகிறான் என்றார்.

"இடது கால் நான் பழக்குவன்" என்றார் அப்பா. "வாற சனி என்னையும் காரிலை ஏத்தச் சொல்லு."