பக்கத்தில் படுத்திருந்தது யார்?

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். கேஸ் சிலிண்டரைக்கூட எடை போட்டுப் பார்த்து வாங்குகிற ஆள் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், இவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு கம்ப்யூட்டர் வேலை. இன்றைக்கு கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடம், அப்போது வயலும் செங்கல் சூளையும்தான். எந்த நோய்க்கு என்ன பார்க்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று டாக்டர் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கேள்விகளாக மாற்றுவது என் பொறுப்பு. நர்ஸ் உட்கார்ந்தால் அது ஒவ்வொன்றாகக் கேட்கும், யெஸ் அல்லது நோ, இரண்டில் ஒன்றைத் தட்ட வேண்டும். வேறு எதைத் தட்டினாலும் பீப் என்று கத்திவிட்டு அங்கேயே நிற்கும். எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?

பாம்புக்கடி பகுதியை முடித்த வாரம், ஒரு காலையில் ஏழுமலை என்று ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வல்லம் பக்கத்துச் சூளையில் வேலை. ஸ்டெல்லா சிஸ்டர் அவரைக் கேட்டுக் கேட்டுத் தட்டினார், நான் பின்னால் நின்றேன். கடித்த தடம் இருக்கிறதா, நோ. தரையில் படுத்தாரா, யெஸ். கண் திறக்கச் சிரமமா, எச்சில் விழுங்கச் சிரமமா, மூச்சு விடச் சிரமமா, எல்லாவற்றுக்கும் யெஸ். கட்டுவிரியனாக இருக்கலாம் என்றது கம்ப்யூட்டர்; அது கடித்தால் பல சமயம் தடமே தெரியாது, வயிறுதான் வலிக்கும். டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்.

அதோடு என் புரோகிராம் முடிய வேண்டும். முடியவில்லை. நம்பினால் நம்புங்கள், திரையில் ஆங்கிலத்தில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. பக்கத்தில் படுத்திருந்தது யார்?

"இன்னா சார் இது, புச்சா கேக்குது?" என்ற சிஸ்டர், நான் தடுப்பதற்குள் திரும்பி ஏழுமலையிடமே கேட்டுவிட்டார்.

"தம்பி சேகரு," என்றார் அவர், நாக்குக் குழற. "எயுப்பிப் பாத்தேன், எந்திரிக்கல. தூங்கிக்கினு கீறான்."

சிஸ்டர் அந்தப் பெயரைத் தட்டினார். பீப் வரவில்லை. ஏற்றுக்கொண்டது.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. "என்னைக் கேக்காம நீங்களா எதாவது சேத்தீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எழுதல சார். யாரோ விளையாடியிருக்காங்க, சிஸ்டரைக் கேளுங்க," என்றேன். இருந்தது ஒரே ஜீப். மோசமானால் ஏழுமலையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அது வாசலிலேயே நிற்க வேண்டும். ஆனால் டாக்டர், "நான் இவரைப் பாத்துக்கறேன், போயிட்டு சீக்கிரம் வாங்க," என்று தம்பியைப் பார்க்க சிஸ்டரை அதில் அனுப்பிவிட்டார். சிஸ்டரின் குட்டு உடைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் ஏறினேன்.

சூளையில் மேஸ்திரி அலட்டிக்கொள்ளவே இல்லை. "சரக்கு போட்டுக்கினு கெடக்கறான், வுடுங்க சார்," என்றார். குடிசைக்குள் சேகர் அசையாமல் கிடந்தார். சிஸ்டர் இமையைத் தூக்கிவிட்டால் அது மறுபடி விழுந்தது, மூச்சு இழையாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருப்பார். வழியெல்லாம் சிஸ்டர் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். அண்ணன், தம்பி இருவருமே பிழைத்தார்கள்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. புரோகிராமை வரி வரியாகத் தேடினேன். அப்படி ஒரு கேள்வியே இல்லை. பெயரைத் தட்டிப் பார்த்தால் பீப் என்று கத்தியது. மறுபடி மறுபடி ஓட்டினேன், ஒழுங்காக முடிந்தது. அப்படியானால் சிஸ்டர்தான் எதையோ மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நடிக்கிறார், இந்தக் குடும்பத்தை அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

சேகருக்குப் பேச்சு வந்ததும் நேராக வார்டுக்குப் போனேன். அதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஸ்டெல்லா சிஸ்டரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் என் குரல் கேட்டதும் திறந்து பார்த்தார்.

"அவங்கள தெரியாது சார். உங்களதான் தெரியும்," என்றார். "அன்னிக்கி காலைல என் தலமாட்டுல குந்திக்கினு கேட்டுக்கினே இருந்தீங்களே. கண்ண தொறக்க கஸ்டமா, எச்சி முயுங்க கஸ்டமா, மூச்சு வுட கஸ்டமா, ஆமாவா இல்லியான்னு. எனக்கு எல்லாம் காதுல வியுது, வாய்தான் வரல. கடைசில, சரி, உங்க அண்ணங்கிட்ட கேட்டுக்கறேன்னு எந்திரிச்சிப் பூட்டீங்க."

அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன், சிஸ்டருக்குப் பின்னால். டாக்டர் வரும்வரை அதற்குச் சாட்சி, நான் சந்தேகப்பட்ட சிஸ்டர் ஒருவர்தான்.