கில்பர்ட்டின் காது

“டிக்கெட்… விக்கெட்… கிரிக்கெட்…” என்று முணுமுணுத்தபடியே பஸ் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டுவார் கில்பர்ட். கண்டக்டர் முறைப்பார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால், “லிங்கராஜபுரம்” என்று சோர்ந்த குரலில் பதில் வரும். அந்தப் பெயரோடு ஒலி சேர்கிற சொல் ஆங்கிலத்தில் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பெங்களூரின் பீன்யாவில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தநாளோ, கல்யாணமோ, சாவோ, சர்ச் வட்டாரத்தில் எதுவானாலும் நாலு வரி ஆங்கிலக் கவிதையோடு வந்து நிற்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “லாஸ்ட்ல சத்தம் சேந்துடணும் ஸார். மீனிங்கு தன்னால வந்து ஒக்காந்துக்கும்” என்பது அவர் கொள்கை.

கம்பெனி மேனேஜர் நாகேஷின் பிரிவுபசார விழா மே மாதம் நடந்தது. “திஸ் இஸ் மே, நாகேஷ் கோ அவே!” என்று மைக்கில் முழங்கினார். நாகேஷ் கேக்கை வெட்டாமலே போய்விட்டார். எதிர்வீட்டு மமதாவின் மகளுக்கு ஆறு வயது நிறைந்தபோது ஏழு என்று வாழ்த்தினார். “செவன்னா ஹெவன் வருது. சிக்ஸுக்கு என்னா வருது, நீயே சொல்லும்மா?” பிறந்தநாள் அட்டையிலேயே குழந்தை சொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் மனைவி ஆஞ்சலா ‘டின்னர்’ என்று சொல்வதை விட்டுப் பல காலமாயிற்று. “சோறு” என்று மட்டும் கூப்பிடுகிறார். வீட்டில் நிம்மதி.

கில்பர்ட்டின் பக்கத்து வீட்டு மைக்கேல்ராஜ் போன மாதம் இறந்துபோனார். நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்கும் பொறுப்பை அவர் மனைவி யூனிஸ், அதே தெருவில் இருக்கும் என்னிடம் ஒப்படைத்திருந்தார். மாதிரியைக் காட்டப் போனபோது கில்பர்ட்டும் ஒட்டிக்கொண்டார். மாலை போட்ட படத்துக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமினார்.

“மைக்கேல் லவ்டு ஹிஸ் ஒய்ஃப், ஆல் த்ரூ ஹிஸ் லைஃப்.”

யூனிஸ் நிமிர்ந்து பார்த்தார். “யாரப் பத்திண்ணா இது?”

“நம்ம மைக்கேலு பத்திதான் சிஸ்டர்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து அடி வாங்கினவ நானு. நான் கத்துனது தெருவுக்கே கேட்டுது. உங்க ஜன்னலு மட்டும் டப்புனு மூடிக்கும்.”

“கேட்டுதும்மா, கேக்காம என்னா? ஆனா ஒய்ஃபுக்கு லைஃபுதானே கரெக்டா சேரும்?”

காபி கொண்டுவந்த மகள் விஜி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். யூனிஸின் குரல் உயரவில்லை.

“ஏண்ணா, நைஃபு சேராதா? ஈஸ்டர் அன்னிக்குக் கறி வெட்டிட்டிருந்த கத்தியப் புடுங்கிக்கினுதான் என்னத் தொரத்துனாரு. அதையே போட்டுடுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கில்பர்ட் கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. “ஒய்ஃப்… நைஃப்…” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பல்லால் மூடியைக் கழற்றினார்.